பக்கத்துக் காம்பராக் குறட்டை

கல்யாணமாகித் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்த முதல் நாள் நான் அண்ணாந்து பார்த்துக் கேட்டது இதுதான்: "இந்தச் சுவரு ஏங்க பாதியில நிக்குது?"

என் வீட்டுக்காரரும் அண்ணாந்து பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்தச் சுவருக்குக் கீழே படுத்து எழுந்தவர். அது பாதியில் நிற்கிற விஷயம் அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்த மாதிரி முழித்தார். "புகை போகணும்ல" என்றார். புகை போனதோ இல்லையோ, பக்கத்துக் காம்பராவில் தாளிக்கிற சத்தமும் தும்முகிற சத்தமும் புருஷன் பெண்டாட்டி வாக்குவாதமும் தாராளமாக வந்து போயின. அங்கே கருவாடு பொரித்தால் இங்கே வெறுஞ்சோறுகூட ருசியாக இறங்கியது.

நான் பிறந்ததும் இப்படி ஒரே கூரைக்குக் கீழே காம்பரா காம்பராவாக, அறை அறையாகத் தடுத்த லயத்தில்தான், அப்புத்தளைப் பக்கம். ஆனால் எங்கள் அப்பா தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து அடித்துச் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த வெளியை அடைத்து வைத்திருந்தார். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வாழ்க்கைப்பட்டு வந்த இடமோ ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கூரை வரைக்கும் சுவர் எழுப்பிய வீடு ஒன்றில் என்றைக்காவது இருந்துவிட வேண்டும் என்று வந்த அன்றே மனதில் முடிந்துகொண்டேன். மற்றப் பெண்கள் சங்கிலிக்கும் சேலைக்கும் ஆசைப்பட்டார்கள். நான் சுவருக்கு ஆசைப்பட்டேன்.

அந்த ஆசைக்கு உரம் போட்டவர் பக்கத்துக் காம்பரா அண்ணன். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான் அங்கே. பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்தார்கள். அண்ணனுக்குக் கவ்வாத்து வேலை, அதாவது வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டமாக வெட்டிவிடுகிற வேலை. தோட்டத்தில் ஆம்பிளைகளின் முதுகை ஒடிக்கிறது அதுதான். பகலெல்லாம் வாய் திறக்காத மனுஷன். பேசினால் ஒரு சொல், சிரித்தால் அரைச் சிரிப்பு. பகலில் மிச்சம் பிடித்த சத்தத்தையெல்லாம் ராத்திரிக்கு வைத்திருப்பார். சாப்பிட்டுப் படுத்த கையோடு குறட்டை ஆரம்பமாகும். முதலில் தனித்தனியாக இரண்டு இழுப்பு. பிறகு ஃபெக்டரியில் ரோலர் ஓடத் தொடங்கிய மாதிரி ஒரே சீராகப் போகும். எங்கள் காம்பராவில் தகரக் கூரை வேறு. அது தன் பங்குக்கு ஒத்து ஊதும்.

சட்டி மூடி ஒன்று வைத்திருந்தேன், அலுமினிய மூடி. குறட்டை உச்சத்துக்குப் போகும்போது அதை எடுத்து அந்தச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவேன். டங், டங். அங்கே குறட்டை சட்டென்று நிற்கும். ஒரு புரளல் கேட்கும். அண்ணனின் மனைவி அக்கா தூக்கக் கலக்கத்தில், "தட்டிருச்சு பாருங்க, ஒருச்சாச்சுப் படுங்க" என்பாள். நான் மூடியைக் கீழே வைத்துக் கண்ணை மூடுவதற்குள் முதல் இழுப்பு மறுபடி வந்துவிடும். மூடி நெளிந்ததுதான் மிச்சம். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் எடுத்து வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, நாங்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் போவோம். ஒருத்தரும் மூடியைப் பற்றிப் பேசமாட்டோம். ராத்திரிச் சண்டையைப் பகலுக்குக் கொண்டு வராதது லயத்து மரியாதை.

எங்கள் மகன் பிறந்தது அந்தக் காம்பராவில்தான். பழைய சேலையைக் கட்டிய தொட்டில், பாதிச் சுவரை ஒட்டி விட்டத்தில் தொங்கியது. அவன் அழ ஆரம்பித்தால் எனக்கு முன்னால் அக்கா எழுந்துகொள்வாள். எழுந்தது காலடியில் தெரியாது, குரலில் தெரியும். "தங்கச்சி, அது பசி அழுகை இல்ல, வயித்தப் பாரு" என்பாள். சில நாள் அண்ணனே குறட்டையை நிறுத்திவிட்டு, "துணி நனைஞ்சிருக்கும்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவார். எனக்குக் கோபமாகத்தான் வரும். என் பிள்ளை எதற்கு அழுகிறான் என்று எனக்குத் தெரியாதா? தெரியாதுதான். இருந்தாலும்.

மற்றப்படி அவன் தூங்குவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தவழ ஆரம்பித்த பிறகு படுத்தால் விடியும்போதுதான் கண் முழிப்பான். "பொன்னான புள்ள" என்று லயமே சொன்னது. நானும் என் வளர்ப்பு அப்படி என்று நினைத்துத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தியே நடந்தேன்.

பிறகுதான் வீடு வந்தது. தோட்டத்தில் மேட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம் பிரித்துக் கொடுத்து, நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதில் போட்டோம். நான் மண் சுமந்தேன், அவர் கல் அடுக்கினார். மேஸ்திரியிடம் நான் ஓயாமல் சொன்னது ஒன்றே ஒன்று: "சுவரு கூரையைத் தொடணும்." அந்த மனுஷன் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, "தொட்டுரும்மா, இதுக்கு மேல போனா நமுனுகுலை மலையத்தான் தொடும்" என்றார். வரிசையில் முதலில் முடிந்தது எங்கள் வீடுதான். மற்ற வீடுகள் அத்திவாரத்தோடு நின்றன. வாசலில் நின்றால் கீழே பதுளை டவுன் முழுவதும் தெரியும். பால் காய்ச்சின அன்றைக்கு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அழுதுவிட்டேன், அதைச் சொல்வதற்கு என்ன.

சாமானைக் கொண்டுவந்தோமே தவிர, லயத்துச் சாவி எங்களிடமே இருந்தது. மாதம் முடிந்து வருகிற திங்கட்கிழமை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். அந்தக் காம்பராவுக்காக ஒரு புது ஜோடி காத்திருந்தது. கல்யாணமாகி, மாப்பிள்ளையின் அண்ணன் தம்பிகளோடு ஒரே காம்பராவில் நெருக்கிக்கொண்டு கிடந்தார்கள். வழியில் என்னைக் கண்டால் அந்தப் பெண் ஒன்றும் கேட்காது, சிரிக்கும். அந்தச் சிரிப்பிலேயே சாவி தொங்கும்.

புது வீட்டில் முதல் ராத்திரி பிள்ளை தூங்கவில்லை. இடம் மாறியதால் இருக்கும் என்றோம். அடுத்த ராத்திரியும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. படுக்கப் போட்டால் சிறிது நேரம் கண்ணை மூடுவான், பிறகு ஒரு புரளல், ஒரு முனகல், நான் தூக்குவேன், அழுகை. விடியும் மட்டும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒன்றரை வயதுப் பிள்ளை, கனம் லேசில்லை. காலையில் கொழுந்து கிள்ளுகிறபோது செடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கியிருக்கிறேன். கணக்கப்பிள்ளை பின்னால் வந்து, "என்னா, செடிக்கு ரகசியம் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

எல்லாரும் வைத்தியம் சொன்னார்கள். வசம்பைச் சுட்டுத் தொப்புளில் தடவினேன். உப்பும் கடுகும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டேன். மிளகாய் நெடியில் பிள்ளையோடு சேர்ந்து நாங்களும் இருமினோம். பூசாரி ஐயா திருநீறு போட்டுக் கறுப்புக் கயிறு கட்டினார். வெந்நீரில் குளிப்பாட்டிக் கம்பளியில் சுற்றிப் படுக்கவைத்தேன், அதில் கொஞ்சம் பலன் இருந்தது. குளித்து முடித்த சுகத்தில் கண் சொருகும், ஆனால் நிலைக்காது. புது வீட்டைக் கண்ணு வச்சிட்டாங்க என்று சொல்லாதவர் இல்லை. சொன்னவர்களையே நான் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன்.

பகலில் பிள்ளைக்காம்பராவில், நாங்கள் மலைக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற இடத்தில், அவன் நன்றாகத் தூங்குகிறான் என்று ஆயம்மா சொன்னார். அதுதான் காரணம் என்று பிடித்துக்கொண்டேன். "பகல்ல தூங்க விடாதீங்க ஆயம்மா, அப்பத்தான் ராவுல தூங்குவான்" என்றேன்.

"இம்புட்டுப் புள்ளைங்க கத்துற கத்துலயும் கட்டையாட்டம் தூங்குறான். அவன எழுப்பிப் பாவம் சேத்துக்கவா?" என்றார். ஆனாலும் நான் நச்சரித்ததால் ஒரு நாள் எழுப்பியே வைத்திருந்தார். அன்று ராத்திரிதான் இருந்ததிலேயே மோசம். களைப்பு தலைக்கேறி, கண்ணைக் கசக்கிக் கசக்கி, தூங்கவும் தெரியாமல் முழிக்கவும் முடியாமல் கத்தினான். மறுநாள் ஆயம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை வாங்கித் தொட்டிலில் போட்டார்.

டிஸ்பென்சரிக்கும் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்த ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையின் காது, தொண்டை, வயிறு எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். "பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றார், வருத்தம் என்றால் அவர் பேச்சில் நோய். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நீங்கள் நித்திரை கொள்ளுறனீங்களோ?" என்று கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "அவன் தூங்குனாத்தானேங்க நான் தூங்குறதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் புலம்பினேன். பிள்ளைக்கு மருந்து கேட்டால் என் தூக்கத்தை விசாரிக்கிறாராம்.

என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே மனது விட்டுப்போனது. சாயங்காலம் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னார்: "பேசாம சாவியக் குடுக்காம லயத்துக்கே போயிருவோமா? இந்த வீட்ட வேணும்னா அந்தப் புது ஜோடி எடுத்துக்கட்டும்."

"என்னா சொன்னீங்க?"

"புள்ள சாகக் கெடக்குற மாதிரி கத்துறான். நீயும் கண்ணெல்லாம் குழி விழுந்து கெடக்குற. செவுத்தக் கட்டிக்கிட்டு அழுவியா?"

அழுவேன் என்றுதான் சொன்னேன். ஆனால் உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. அவர் சொன்னதில் பிழை இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டால் திரும்பிப் போக இடம் கிடையாது. கொடுக்காவிட்டால் இந்த வீடு கிடையாது. இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் சுமந்த மண், நான் கட்ட வைத்த சுவர். அதை இன்னொருத்திக்கு விட்டுவிட்டுப் பாதிச் சுவருக்குக் கீழே போய்ப் படுப்பதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மிக்கல்லை எடுத்து வரலாம் என்று லயத்துக்குப் போனோம். அக்கா விடவில்லை, சோறு தின்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். அன்றைக்கும் கருவாடுதான். சாப்பாடு முடிந்து அண்ணன் இஸ்தோப்பில், அதுதான் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற சின்ன இடம், சாக்கை விரித்துச் சாய்ந்தார். நானும் அக்காவும் அடுப்படியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தோம். முதல் இழுப்பு கேட்டது. இரண்டாவது கேட்டது. ரோலர் ஓடத் தொடங்கியது.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தேன். என் மகன் விளையாடிக்கொண்டிருந்த மரக்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, தள்ளாடி நடந்துபோய், அண்ணனின் முதுகை ஒட்டிப் படுத்திருந்தான். வெயில் அவன் காலில் அடித்தது. லயத்துப் பிள்ளைகள் பக்கத்திலேயே டின்னை உதைத்து விளையாடின. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்து வாரக்கணக்காகியிருந்தது.

அக்கா என் பின்னால் வந்து நின்று பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்கக்கா" என்றேன்.

"நான் எங்கடி சிரிச்சேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே சிரித்தாள்.

அந்தக் குறட்டையை என்னால் உடனே இரவல் கேட்க முடியவில்லை. எத்தனை வருஷம் அந்த மனுஷனுக்கு மூடி தட்டியிருக்கிறேன்! எந்த முகத்தோடு கேட்பது? வீட்டுக்கு வந்து முதலில் சொந்தச் சரக்கை வைத்து ஒப்பேற்றப் பார்த்தேன். என் வீட்டுக்காரரிடம், "நீங்க கொஞ்சம் கொறட்டை விடுங்க" என்றேன். பாவம், பிள்ளைக்காக அதையும் செய்தார். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடி, மூக்கால் இழுத்தார். அது குறட்டை மாதிரி இல்லை, மாடு மூச்சு விடுவது மாதிரி இருந்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து அப்பாவின் மூக்கைப் பிடித்துப் பார்த்தான். பிறகு கையைத் தட்டி, மறுபடி செய்யச் சொல்லிச் சிரித்தான். அன்றைக்கு மூன்று பேரும் தூங்கவில்லை.

மறுநாள் வேலை விட்டு வரும்போது நேரே லயத்துக்குப் போய்விட்டேன். அண்ணன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"அண்ணே, எங்க வீட்டுல வந்து நாலு நாளைக்குத் தூங்குவீங்களா?"

கத்தி நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துபோயின. "வெக்கமா இருக்கு தங்கச்சி" என்றார். "நெனைச்சா வருமா அது?"

"நீங்க நெனைக்காம இருங்க, தன்னால வரும்" என்றாள் அக்கா. பிறகு, "நானும் வர்றேன்டி. இவரு சத்தம் இல்லாம எனக்கு எங்க தூக்கம் வரப்போவுது?" என்றாள். அதை அவள் கேலியாகச் சொல்லவில்லை.

அன்றைக்கு இருட்டியதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்தார்கள். லயத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு வெற்றிலை மென்று துப்புகிற தூரம். நான் பிள்ளையை வெந்நீரில் குளிப்பாட்டி, பால் கொடுத்து, குப்பி விளக்கைச் சின்னதாக்கி வைத்திருந்தேன். முன்னறையில் அவர்களுக்குப் பாய் போட்டேன். அண்ணன், பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்கிற பெண் மாதிரி, சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நெளிந்தார். எல்லாரும் காத்திருந்தோம். காத்திருந்தால் எப்படி வரும்? கடைசியில் அக்கா ஊர்க்கதையை ஆரம்பித்தாள், அதைக் கேட்டுச் சலித்துத்தான் அவருக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும். முதல் இழுப்பு வந்தது. நான் கூரையைத் தொட்ட என் சுவருக்குக் கீழே படுத்துக்கொண்டு, கடவுளே இரண்டாவதும் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வந்தது. பிள்ளை அசையாமல் தூங்கினான். அன்றைக்கு நானும் தூங்கினேன் போலிருக்கிறது, விடிந்ததுதான் தெரியும்.

விஷயம் பெரட்டில் பரவாமல் இருக்குமா? எங்கள் தோட்டத்தில் முழுநாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள், வேலை குறைந்தால் அரைப் பேர். மறுநாளே கேலி ஆரம்பித்தது. "என்னாண்ணே, ராத்திரி வேலைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" என்று கேட்டார்கள். "விட்டு விட்டுக் கொறட்டை விட்டா அரைப் பேருதான்" என்று இன்னொருத்தர் கணக்குச் சொன்னார். கணக்கப்பிள்ளையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் அரைச் சிரிப்புச் சிரித்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். நான்தான் எல்லாருக்கும் பதில் சொன்னேன், கொஞ்சம் காரமாகவே.

அந்த வாரம் முழுவதும் அவர்கள் வந்தார்கள். பிள்ளை தூங்கினான். ஆனால் எனக்கு ஒரு பக்கம் நிம்மதி என்றால் மறுபக்கம் உறுத்தல். என் வீட்டுக்காரர் கேட்டது நியாயம்தான்: "அவரு எத்தன நாளைக்கு இப்பிடி மேட்ட ஏறுவாரு? நாலு நாளுன்னுதானே கூப்புட்ட. திங்கக்கெழம சாவியக் குடுத்துட்டு, செவ்வாக்கெழம அவரு வரலைன்னா என்னா செய்வ?" கவ்வாத்துக் காலம் வேறு. அந்த மனுஷன் பகலெல்லாம் குனிந்து வெட்டிவிட்டு ராத்திரியில் என் பிள்ளைக்காக அட்டை கடிக்கிற பாதையில் ஏறி வருகிறார். சாவியைக் கொடுக்க வேண்டாம், லயத்துக்கே திரும்பிவிடலாம் என்று சனிக்கிழமை நானே முடிவுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அடுப்பு மூட்டும்போது சுவரை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. பதுளைப் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதை ஓடையானது. இருட்டியும் அண்ணனும் அக்காவும் வரவில்லை, வரவும் முடியாது. இன்றைக்குத் தோளில் போட்டு நடக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். எப்படியும் திரும்பிப் போகப் போகிறோம், கடைசியாக ஒரு ராத்திரி நடந்துவிட்டுப் போகலாம். மனதை விட்டுவிட்டதால் உடம்பும் விட்டுப்போனது. பிள்ளையைக் குளிப்பாட்டி, பால் கொடுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நடக்கிறதுக்கு முன்னால் முதுகைக் கொஞ்சம் சாய்ப்போம் என்று சாய்ந்தேன்.

கண்ணைத் திறந்தபோது வாசல் வெளிச்சமாக இருந்தது. மழை விட்டிருந்தது. என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் அடித்துப் பிடித்து எழுந்தேன்.

"புள்ள எங்க?"

"ஒனக்குப் பின்னால."

திரும்பிப் பார்த்தேன். கம்பளிக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி யாரு வச்சிருந்தா? நீங்களா?"

"யாரும் வச்சிருக்கல. ஒருக்கா முழிச்சான். எந்திரிச்சி ஒக்காந்து ஒம் மூஞ்சிய உத்து உத்துப் பாத்தான். அப்பிடியே ஒன் வயித்துல சாஞ்சி படுத்துக்கிட்டான்." அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ விட்ட கொறட்டையில மழச் சத்தமே கேக்கல."

"யாரு, நானா?"

"இல்ல, பூசாரி ஐயா."

நான் நம்பவில்லை. சத்தியமாக என்று கேட்டேன். பிள்ளைமேல் ஆணையாக என்றார். என் வாழ்நாளில் நான் குறட்டை விட்டதாக யாரும் சொன்னதில்லை. லயத்தில் விட்டிருந்தாலும் யாருக்குக் கேட்டிருக்கும்? அண்ணனுடையது எல்லாவற்றையும் மூடிவிட்டிருக்கும். தலைமயிரை அள்ளி முடிந்தபோதுதான் டிஸ்பென்சரி ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது ஞாபகம் வந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, அண்ணன் வந்த ராத்திரிகளைத் தவிர, நான் படுத்தேனே ஒழிய ஒரு ராத்திரியும் தூங்கவில்லை. லயத்தில் பிள்ளை முனகினால் அக்கா இருக்கிறாள், அண்ணன் இருக்கிறார் என்று புரண்டு படுத்துவிடுவேன். அவனும் முனகிவிட்டுத் தன்பாட்டில் தூங்கிவிடுவான். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லை. அவன் ஒரு விரலை அசைத்தாலும் பாய்ந்து தூக்கினேன், விளக்கைத் தூண்டினேன், தோளில் போட்டு உலுக்கினேன். தூங்குகிற பிள்ளையை ராத்திரி முழுவதும் நானேதான் எழுப்பியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. இனிச் சாவியைக் கொடுத்துவிடலாம், வீடு எனக்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணனும் அக்காவும் சேற்றில் வழுக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்தார்கள். "புள்ள ரொம்ப அழுதானா தங்கச்சி? மழையில கால் வைக்க முடியல" என்று அக்கா மூச்சு வாங்கினாள். ராத்திரி முழுக்க எங்களை நினைத்து இரண்டு பேரும் தூங்கவில்லை என்றாள். என் வீட்டுக்காரர் அவர்களை உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னார். என் குறட்டையைச் செய்தும் காட்டினார். முந்தியதைவிட இது நன்றாகவே வந்தது.

அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனார். ஆணியில் தொங்கிய நெளிந்த மூடியை எடுத்து வந்தார். என் முகத்தைப் பார்த்தபடியே, கூரையைத் தொட்ட என் புதுச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். டங், டங்.

"ஒருச்சாச்சுப் படு தங்கச்சி" என்றார்.

அந்தச் சத்தத்துக்குக்கூட என் மகன் எழும்பவில்லை.

திங்கட்கிழமை பெரட்டுக்குப் போகிற வழியில் ஆபீசுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கொடுப்பதாகச் சொன்னார், நான் விடவில்லை. அந்தப் புது ஜோடி அன்றைக்கே சட்டி பானையோடு காம்பராவுக்குக் குடிவந்தது. அதற்குப் பிறகும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, பல் முளைத்தது, சில ராத்திரி அழுதான். அழுதால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அவனே அடங்கிவிடுவான். அண்ணனும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மேட்டுக்கு ஏறி வந்தார்கள். சோறு தின்றுவிட்டு அண்ணன் முன்னறையில் சாய்வார், என் மகன் போய் அவர் முதுகை ஒட்டிப் படுப்பான். அவனுக்கு அது தேவையில்லை, ஆசைதான்.

சில மாதம் கழித்து அந்தப் புதுப்பெண்ணைத் தண்ணி பிடிக்கிற பீலியில் கண்டேன். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், பீலியில் முகத்தைக் கழுவிக் கழுவி நின்றது. என்னைக் கண்டதும் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டது:

"அக்கா, பக்கத்துக் காம்பரா அண்ணே கொறட்டை உசிரெடுக்குது. இத்தன வருஷம் நீங்க என்னாதான்க்கா செஞ்சீங்க?"

மூடியைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு அந்த வயிற்றைப் பார்த்தேன்.

"தூங்குனேன்" என்றேன்.